இருவர் மட்டும் புறப்படட்டும்

கல்யாணமான மூன்றாம் மாதம் ஒரு தம்பதி கொடைக்கானல் போகிறார்கள் என்றால் ஊரே வாழ்த்தி அனுப்புகிறது. அதே தம்பதி பதினைந்து வருடம் கழித்து, பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு இரண்டு நாள் தரங்கம்பாடிக்குப் போய்வருகிறோம் என்று சொல்லட்டும். "ஏன், பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போகலையா?" என்பது முதல் கேள்வி. "இந்த வயசுல என்ன தனியா?" என்பது அடுத்தது. மூன்றாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கையில் இவ்வளவு காசு புரள்கிறதா என்று பார்வையாலேயே கேட்டுவிடுவார்கள்.

கணவனும் மனைவியும் தனியாக வெளியே போவது புதுமணக் காலத்துச் சலுகை. அதற்குப் பிறகு அது வீண்செலவு, சுயநலம், நம் வழக்கத்தில் இல்லாதது. இந்தக் கருத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் பெரும்பாலான வீடுகள் இதற்குக் கட்டுப்பட்டே நடக்கின்றன. இதைச் சொல்பவர்களில் பலர் நல்லவர்கள். சிக்கனமாக வாழ்ந்து குடும்பத்தை மேலே கொண்டுவந்தவர்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் சொல்லும் இந்தக் கருத்து தவறானது, பல தாம்பத்தியங்களை உள்ளுக்குள்ளே உலர்த்திவிட்டது என்பதே என் வாதம்.

அந்தத் தரப்பின் வலுவான வாதத்திலிருந்தே தொடங்குகிறேன். "ஒரே வீட்டில் இருக்கிறோம். தினமும் முகத்தில் விழிக்கிறோம். இதற்கு மேல் தனியாகப் போய் என்ன பேசப்போகிறோம்? வீட்டில் சந்தோஷமாக இருக்கத் தெரியாதவர்கள்தான் வெளியே போகவேண்டும்."

ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டால் சேர்ந்திருப்பதாகிவிடுமா? மாலை ஏழு மணிக்கு ஒரு நடுத்தரக் குடும்பத்து வீட்டுக்குள் நடப்பதைப் பாருங்கள். கணவன் வேலையிலிருந்து வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, காபியோடு உட்கார்கிறான். அவனுடைய நாள் முடிந்தது. மனைவியும் வேலைக்குப் போய்த் திரும்பியவள்தான். அவள் குக்கரை ஏற்றுகிறாள், மகளின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கிறாள், மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், காய்ந்த துணியை மடிக்கிறாள், காலைச் சமையலுக்குக் காய் நறுக்கி வைக்கிறாள். அவன் கூடத்தில், அவள் அடுப்படியில். "பால்காரருக்குக் குடுத்தாச்சா", "கரண்டு பில் எவ்வளவு வந்திருக்கு", "ஸ்கூல் ஃபீஸ் கட்ட என்னைக்குக் கடைசி" என்பவைதான் இருவருக்கும் நடுவே போய்வரும் சொற்கள். ஒரு அலுவலகத்தின் இரண்டு பிரிவுகள் பேசிக்கொள்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இது என் கற்பனை என்று தோன்றினால், தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஊதியமில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம். அந்த வேலையில் கைவைக்கும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். கைவைக்கும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களிலோ 81 பேர். வீடு ஆணுக்கு இளைப்பாறும் இடமாகவும் பெண்ணுக்கு வேலை செய்யும் இடமாகவும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வேலையில் நிற்பவளோடு எப்படி மனம்விட்டுப் பேச முடியும்? உங்களுக்குப் பதில் சொல்லும்போதே அவள் காது மூன்றாவது விசிலுக்காகக் காத்திருக்கும். பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் அழைப்பு மணி அடிக்கும். வாசலைத் தாண்டி நாலு தெரு போனால்தான் அவள் கைக்கும் காதுக்கும் விடுதலை. இருவருக்கும் ஒரே நேரத்தில் வேலை இல்லாத பொழுது, பெரும்பாலான வீடுகளில், வீட்டுக்கு வெளியேதான் கிடைக்கிறது.

'அப்படியானால் வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள், எதற்கு ஊர் சுற்ற வேண்டும்' என்று கேட்கலாம். பகிர வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் மனைவியோடு இரண்டு நாள் கிளம்ப முயன்று பாருங்கள். அவள் வீட்டைவிட்டு நகர எத்தனை ஏற்பாடு தேவைப்படுகிறது என்பது அப்போதுதான் கணவனின் கண்ணில் படும். தண்ணீர் வரும் நேரம், அத்தையின் சர்க்கரை மாத்திரை, செடிகளுக்குத் தண்ணீர், கேஸ் புக் செய்வது என்று அவள் தலைக்குள் மட்டுமே இருக்கும் பட்டியல் வெளியே வரும். வேலையைப் பகிர வேண்டும் என்ற எண்ணம் பல ஆண்களுக்கு அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகே பிறக்கிறது.

அடுத்த வாதம்: "நாங்கதான் வருஷா வருஷம் குடும்பத்தோட டூர் போறோமே!"

போகிறோம். மே மாதம் ஒரு வேன் பிடித்து, அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், அத்தை, பெரியம்மா என்று பதினைந்து பேர் திருச்செந்தூர், கன்னியாகுமரி, குற்றாலம் சுற்றிவருகிறோம். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி விழித்திருந்து புளிக்காய்ச்சல் கிண்டுவது யார்? வழியில் புளித்துவிடாமல் தயிர்சாதத்தைப் பால் ஊற்றிப் பிசைந்து தூக்குவாளியில் அடைப்பது யார்? இட்லிக்கு எண்ணெயும் பொடியும் தடவி இலையில் கட்டுவதும், வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு எலுமிச்சம்பழமும் பாலித்தீன் பையும் எடுத்துவைப்பதும் யார் வேலை? வேனில் ஆண்கள் முன்னால் உட்கார்ந்து டிரைவரோடு அரசியல் பேசுவார்கள். பெண்கள் பின்னால், மடியில் ஆளுக்கொரு குழந்தையோடு. ராத்திரி தங்கும் இடத்தில் சிக்கனத்துக்காக இரண்டு அறை எடுப்போம். ஓர் அறையில் ஆண்கள், இன்னொன்றில் பெண்களும் பிள்ளைகளும். அருவியிலும் தனித்தனி. ஊர் திரும்பிய மறுநாள் மலையாகக் குவிந்த அழுக்குத் துணிக்கு முன்னால் நிற்பவளிடம், "நல்லா ரெஸ்ட் கிடைச்சுதா?" என்று கேட்டுப் பாருங்கள்.

குடும்பப் பயணத்தை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் சித்தப்பா மக்களோடு சண்டையும் சமாதானமுமாக உறவைக் கற்றுக்கொள்வது அந்த வேனில்தான். பாட்டிக்குக் கடல் பார்க்கக் கிடைப்பதும் அப்படித்தான். அதன் பயன் அது. ஆனால் வீட்டின் ஏற்பாடு முழுவதையும் சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு போகும் பயணம் அது. கணவனும் மனைவியும் ஒருவரோடு ஒருவர் பத்து நிமிடம் பேச அதில் இடமில்லை. ஆகவே அதைக் காட்டி இதை மறுப்பது பொருந்தாது.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நம்ம மரபுல கிடையாது" என்பது மூன்றாவது வாதம். மரபைப் பற்றிப் பேசுகிறவர்கள் மரபைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தலைவனும் தலைவியும் இருவராக ஊரைவிட்டுப் பாலை வழியே நடப்பதை உடன்போக்கு என்ற துறையாகவே சங்க அகப்பாடல்கள் பாடுகின்றன. காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கன்று புதுமணத் தம்பதிகள் சித்திரான்னங்களோடு ஆற்றுக்குப் போகிறார்கள். காணும் பொங்கலன்று வீட்டில் அடைந்துகிடப்பதுதான் வழக்கத்துக்கு மாறானது. காசி யாத்திரை போகும் நம் ஊர்த் தம்பதிகள் பிரயாகையில் வேணி தானம் செய்கிறார்கள். அத்தனை பேர் பார்க்கும் படித்துறையில் கணவன் தன் மனைவியின் கூந்தலை வாரிப் பின்னி, அதன் நுனியை நறுக்கித் திரிவேணி சங்கமத்தில் சேர்க்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைகூட மனைவியின் தலையைத் தொட்டுப் பின்னாத ஆண்களை, ஐம்பது அறுபது வயதில், பொதுவெளியில் பின்னவைக்கும் சடங்கு அது. திருக்கடையூரில் அறுபதுக்கும் எண்பதுக்கும் மாலை மாற்றிக்கொள்வதை எந்த வெள்ளைக்காரனிடமிருந்து கற்றோம்? தம்பதியாகப் புறப்படுவதும் தம்பதியாக நாலு பேர் முன் நிற்பதும் இந்த மண்ணில் என்றும் இருந்தவை.

ஆனாலும் மரபு பேசுகிறவர்கள், தாங்கள் அறியாமலே, ஒரு கசப்பான உண்மையைத் தொடுகிறார்கள். உல்லாசமாக வெளியே போவது நம் பழைய சமூகத்தில் இருந்தது. அது மனைவிக்கு உரியதாக இருக்கவில்லை. சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். இந்திர விழா முடிந்து புகார் நகரமே கடலாடப் போகிறது. கோவலன் கோவேறு கழுதை மீதும் மாதவி வண்டியிலுமாகக் கடற்கரைக்குப் போகிறார்கள். யாழும் பாட்டும் புன்னை நிழலும் அவர்களுக்கு. கண்ணகி வீட்டில் இருக்கிறாள். அவள் கணவனோடு சேர்ந்து செய்யும் பயணமாகக் காப்பியம் காட்டுவது ஒன்றுதான்: செல்வம் எல்லாம் அழிந்தபின், சிலம்பு மட்டும் மிஞ்சிய நிலையில், புகாரிலிருந்து மதுரைக்கு நடந்து போனது. ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் போவதற்குள் களைத்துப்போய், மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள் அவள். அத்தனை தொலைவு நடந்தறியாத கால்கள். இன்பத்தில் வெளியே அழைத்துப்போகப்படாத மனைவி, துன்பம் வந்ததும் உடன் நடக்கிறாள்.

வீடு மனைவிக்கு, உல்லாசம் வேறு யாரோடோ என்ற அந்தப் பிரிவினை இன்றும் வேறு உருவில் இருக்கிறது. நாற்பத்தைந்து வயது ஆண் நண்பர்களோடு கோவாவுக்கோ மூணாறுக்கோ போனால், "பசங்களோட ஒரு ட்ரிப்" என்று வீடே சாதாரணமாக எடுத்துக்கொள்கிறது. செலவு பற்றியும் பிள்ளைகள் பற்றியும் அவனிடம் யாரும் கேட்பதில்லை. அதே ஆண் மனைவியோடு மட்டும் மாமல்லபுரம் போனால், கேலி தொடங்கிவிடும். நண்பர்களோடு போனால் இயல்பு, மனைவியோடு போனால் விசித்திரம் என்று நினைக்கும் மனம்தான் இங்கே திருந்த வேண்டியது.

இனி, காசு. இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனமில்லை. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் கல்விச் செலவும் கழுத்தை நெரிக்கும் வீடுகள் பல. ஆனால் தம்பதியாக வெளியே போவதென்றால் விமானமும் ரிசார்ட்டும்தான் என்று யார் சொன்னது?

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கணவனுக்கு மட்டும் சீட்டு எடுத்தால் போதும், ஒரு மாலையைக் கடற்கரையிலோ ஆற்றங்கரையிலோ கழிக்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு மெரினா இருக்கிறது. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அதை உலாவும் இடமாக அமைத்த நாளிலிருந்து இன்றுவரை அங்கே உட்கார யாரும் நுழைவுக் கட்டணம் கேட்டதில்லை. திருச்சிக்காரருக்குக் கல்லணை, மதுரைக்காரருக்கு அழகர்மலை, நெல்லைக்காரருக்குத் தாமிரவருணிப் படித்துறை. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரத்தில் துடுப்புப் படகு ஏறினால் சுரபுன்னைக் காட்டுக்குள் போய்வரலாம். கங்கைகொண்ட சோழபுரத்தின் புல்தரையில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் மலை ரயில், வெறும் 46 கிலோமீட்டரை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஏறுகிறது. பேச நினைக்கும் இருவருக்கு அந்த நிதானத்தைவிட வேறென்ன வேண்டும்? இவற்றில் பலவற்றுக்கு ஆகும் செலவு, உறவினர் வீட்டு விசேஷத்துக்கு நாம் எழுதும் மொய்யைவிடக் குறைவு.

பெரிய பயணங்கள்கூடப் பணக்காரர்களின் தனியுடைமை இல்லை என்பதற்குக் கொச்சியின் கே.ஆர். விஜயன், மோகனா தம்பதியைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. 'ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்' என்ற சிறிய தேநீர்க் கடை அவர்களுடையது. தேநீரும் பலகாரமும் விற்ற காசில் தினமும் 300 ரூபாய் ஒதுக்கி, போதாததற்குக் கடன் வாங்கிப் பயணம் போவார்கள். திரும்பி வந்து கடையில் உழைத்துக் கடனை அடைப்பார்கள். அடைந்ததும் அடுத்த பயணம். 2007-இல் முதல் வெளிநாட்டுப் பயணம் போனவர்கள் 26 நாடுகளைப் பார்த்தார்கள். 2021 அக்டோபரில் ரஷ்யா போய்த் திரும்பினார்கள். அடுத்த மாதம் விஜயன் காலமானார். கடன் வாங்கிப் பயணம் போங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. வருமானம் எவ்வளவு என்பதைவிட, அந்த வருமானத்தில் எதற்கு முதலிடம் என்பதுதான் கேள்வி என்று சொல்கிறேன். தேநீர்க் கடைக்காரர் ஒருவர் மனைவியோடு உலகம் பார்ப்பதற்கு முதலிடம் கொடுத்தார். நாம் மண்டபத்துக்கும், சீர்வரிசைக்கும், யார் மெச்சவோ கட்டும் இரண்டாவது மாடிக்கும் கொடுக்கிறோம். அவற்றை ஒருவரும் ஆடம்பரம் என்பதில்லை.

உழைக்கிறவர்களுக்கு ஓய்வு எதற்கு என்ற கேள்வியையும் உலகம் முன்பே கேட்டுப் பார்த்துவிட்டது. 1936-இல் பிரான்சில் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை கொடுத்தபோது, அவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். தொழிலாளர்கள் 40 சதவீதக் கட்டணக் குறைப்பில் ரயிலேறினார்கள். இருவர் மிதிக்கும் இரட்டைச் சைக்கிளில் ஆணும் பெண்ணுமாகக் கடலைப் பார்க்கக் கிளம்பினார்கள். நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்தவருக்கு, அடுத்த ஆண்டில் இருபது நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்துடன் விடுப்புத் தந்தது. மத்திய அரசு ஊழியருக்கும் குடும்பத்துக்கும் நான்காண்டுகளுக்கொரு முறை இந்தியாவில் எங்கும் போய்வரப் பயணச் சலுகை உண்டு. ஓய்வு மனிதனின் உரிமை என்று சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. நம் கூடங்களில் நடக்கும் பேச்சுதான் இன்னும் ஏற்கவில்லை. காடு கழனியிலும் கட்டட வேலையிலும் தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு இந்த விடுப்பு எதுவும் இல்லை என்பது உண்மை. அந்த அநீதிக்கு மருந்து அவர்களுக்கும் ஓய்வு கிடைக்கச் செய்வது. ஓய்வையே குற்றமாக்குவதால் கூலிக்காரருக்கு ஒரு நன்மையும் இல்லை.

"பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவது சுயநலம்" என்பதுதான் தாய்மார்களை அதிகம் வதைக்கும் சொல். கணவன் சம்மதித்து, காசு சேர்ந்து, பாட்டியும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகும், பெண்ணின் கால்களைக் கட்டிப்போடுவது இதுதான். கைக்குழந்தையை விட்டுவிட்டு யாரும் போகவேண்டாம். பரீட்சை நேரத்தில் போகவேண்டாம். ஆனால் பத்து வயதுப் பிள்ளை இரண்டு நாள் தாத்தா பாட்டியோடு இருந்தால் என்ன கெட்டுவிடும்? நம் தலைமுறை முழுப் பரீட்சை லீவு முழுவதையும் பாட்டி வீட்டில் கழித்து வளர்ந்ததுதானே?

பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து கற்றுக்கொள்வது பாடம் மட்டும் இல்லை. கல்யாணம் என்பது என்ன என்பதையும்தான். அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதே கணக்கு வழக்குக்காகத்தான் என்று பார்த்து வளரும் பிள்ளைக்குக் கல்யாணம் ஒரு பொறுப்பு மூட்டையாகவே தெரியும். அப்பா அம்மாவை ஒரு மாலை ஆசையாக வெளியே அழைத்துப்போவதும், இருவரும் சிரித்த முகத்தோடு திரும்புவதும் பிள்ளையின் கண்ணில் பட வேண்டும். அப்படிப் பார்த்து வளரும் மகன் நாளைக்குத் தன் மனைவியிடம் எப்படி நடந்துகொள்வான், மகள் தன் கணவனிடம் எதைக் கேட்கத் துணிவாள் என்று யோசியுங்கள்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்கள். பெரியவர்கள் பார்த்து முடிக்கும் கல்யாணங்களில், தேனிலவு போகும் இருவர் ஒருவருக்கொருவர் பெரும்பாலும் அந்நியர்கள். பேசப் பொதுவான கதையே இல்லாத காலத்தில் அவர்களைத் தனியாக அனுப்பி வைக்கிறோம். பிறகு பதினைந்து வருடம், ஒரு பிரசவ வலி, ஒரு வேலையிழப்பு, அப்பாவின் மரணம், கட்டிய வீடு, விற்ற நகை என்று இருவருக்கும் பொதுவான கதைகள் மலைபோலச் சேர்ந்துவிடுகின்றன. அப்போது தனியாக உட்கார்ந்து பேச அனுமதி இல்லை என்கிறோம். இந்த ஏற்பாடு தலைகீழாக இருக்கிறது.

"எல்லாக் கடமையும் முடியட்டும், ரிட்டையர் ஆனதும் நிம்மதியாகப் போகலாம்." இந்த வாக்குறுதியைக் கேட்காத மனைவி உண்டா? முழங்கால் வலிக்கும் சர்க்கரைக்கும் நம் ஓய்வுத் தேதி தெரியாது. ஒருவேளை உடம்பு ஒத்துழைத்தாலும், அதற்குப் பிறகு நடப்பது இன்னும் கொடுமை. மகளுக்குப் பிரசவம் என்று அம்மா அமெரிக்காவுக்கோ பெங்களூருவுக்கோ போகிறாள், ஆறு மாதம். அப்பா வீட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருக்கிறார். பிறகு மகனுக்குக் குழந்தை, மறுபடியும் ஆறு மாதம். சில வீடுகளில் அம்மா பெரியவன் வீட்டிலும் அப்பா சின்னவன் வீட்டிலும் என்று பங்கு பிரித்தே விடுகிறார்கள். முப்பத்தைந்து வருடம் கடமைகளுக்கு நடுவே ஒருவருக்காக ஒருவர் காத்திருந்த இருவரை, கடமை முடிந்த நாளில் பிரித்துவைக்கிறோம். பேரப்பிள்ளை பார்க்கும் ஆள் என்ற கணக்கில் பார்க்கும்போது, அவர்கள் ஒரு தம்பதி என்பதே மறந்துபோகிறது. அந்த அம்மா மறுக்கமாட்டாள். மறுக்க அவளுக்குக் கற்றுத்தரப்படவில்லை. 'அப்புறம் போகலாம்' என்ற சொல்லை நான் ஏற்காததற்கு இதுவே முதற்காரணம். அந்த அப்புறத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

எதிர்த்தரப்பில் நியாயமுள்ள வாதங்களும் உண்டு. அவற்றுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஊர் சுற்றுவது இன்று படம் எடுத்துப் போடுவதற்கான போட்டியாகிவிட்டது என்கிறார்கள். மலைகள் தாங்கவில்லை என்கிறார்கள். இரண்டும் உண்மை. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் உதகைக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பே கட்ட வேண்டியதாயிற்று. எல்லோரும் ஒரே மே மாதத்தில், ஒரே இரண்டு மலைகளுக்கு, ஆளுக்கொரு காரில் போவதன் விளைவு அது. இந்த நெரிசலில் பெரும்பங்கு பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்ட குடும்பப் பயணங்களால் வருவது. இருவர் மட்டும் போகும்போது விடுமுறைக் காலம் பார்க்க வேண்டியதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, ஐப்பசி மாதம், பேருந்திலோ ரயிலிலோ, யாரும் அதிகம் போகாத ஓர் ஊருக்குப் போகலாம். படம் போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம்.

"பயணம் போனால் சண்டை தீர்ந்துவிடுமா?" என்றும் கேட்கிறார்கள். தீராது. அடிக்கிறவனும் குடிக்கிறவனும் மலையேறிவிட்டு வந்தால் மாறிவிடமாட்டார்கள். அங்கே தேவைப்படுவது வேறு உதவி. நான் பேசுவது சாதாரணமான, நல்ல எண்ணமுள்ள, களைத்துப்போன தாம்பத்தியங்களைப் பற்றி. அங்கே வெளியே போவது நிச்சயமாக எதையோ செய்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரன் தன் சகாக்களோடு செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதியில், தம்பதிகளின் கையையும் காலையும் சேர்த்துக் கட்டி, தரைவிரிப்பில் தடையைத் தாண்டித் தவழ்ந்து போகச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அலுப்பூட்டும் சாதாரண வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். எல்லாம் ஏழு நிமிடம்தான். புதிய வேலையைச் சேர்ந்து செய்த தம்பதிகள் தங்கள் உறவைப் பற்றி மற்றவர்களைவிட நிறைவாகச் சொன்னார்கள். எத்தனை மைல், எத்தனை ரூபாய் என்பதற்கு அதில் இடமே இல்லை. அன்றாடத்தில் இல்லாத ஒன்றை இருவரும் சேர்ந்து செய்தார்கள், அவ்வளவுதான். தெரியாத ஊரில் பேருந்து நிலையத்துக்கு வழி கேட்டு அலைவதும், திடீர் மழையில் ஒரு டீக்கடை ஓரம் ஒதுங்கி நிற்பதும் அப்படிப்பட்டவைதான். வழி தவறிய இடத்தில் கணவனுக்கு மனைவியின் சமயோசிதம் தெரியவரும். அவளுக்கு அவனுடைய பயமும் வேடிக்கையும் தெரியவரும். வீட்டுக்குள் இவை வெளிப்பட வழியே இல்லை.

ஆகவே கணவன்மார்களுக்கு ஒன்று சொல்வேன். அழைப்பு உங்களிடமிருந்து வரட்டும், ஏற்பாடும் உங்களுடையதாக இருக்கட்டும். மனைவியே பேருந்து பார்த்து, அறை பார்த்து, மாவரைத்து வைத்துவிட்டுக் கிளம்பும் பயணம் அவளுக்கு இன்னொரு வேலை. மாமியார்களுக்கு: உங்களுக்குக் கிடைக்காதது மருமகளுக்கும் கிடைக்கக் கூடாது என்று நினைக்காதீர்கள். "நான் பாத்துக்கறேன், போயிட்டு வாங்க" என்ற வார்த்தையை நீங்களாக முந்திக்கொண்டு சொல்லுங்கள். படுக்கையில் இருக்கும் பெரியவரை வைத்துக்கொண்டு அண்ணி திணறும் வீடுகளில், நாத்தனாரும் கொழுந்தனும் இரண்டு நாள் வந்து தங்கி அவளை அனுப்பிவைக்கட்டும். வளர்ந்த பிள்ளைகளுக்கு: அம்மாவை மட்டும் அழைக்கும் டிக்கெட்டை இனி எடுக்காதீர்கள். எடுப்பதானால் இரண்டாக எடுங்கள். அவர்கள் வந்திருக்கும்போது குழந்தையை நீங்கள் வைத்துக்கொண்டு, அவர்கள் இருவரையும் ஒரு வாரம் எங்காவது அனுப்பிவையுங்கள்.

ஆயிரம் பேரைக் கூட்டி, மேளம் கொட்டி, லட்சங்களைச் செலவழித்து இரண்டு பேரைச் சேர்த்துவைக்கிறோம். சேர்த்துவைத்த பிறகு அந்த இருவருக்கும் நடுவே உள்ள உறவைத் தவிர மற்ற எல்லா உறவுகளுக்கும் அவர்களை வேலை செய்யவைக்கிறோம். மாதத்தில் ஒரு மாலையும் வருடத்தில் இரண்டு மூன்று நாட்களும் அவர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டால், அது குடும்பத்திடமிருந்து திருடியது ஆகாது. அந்தக் குடும்பம் யார் இருவர்மேல் நிற்கிறதோ அவர்களுக்குச் சேர வேண்டியது அது. அதற்கு அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, காரணமும் சொல்ல வேண்டியதில்லை.